ஆறு இலக்கமும் முழங்கால் தண்ணீரும்

குவார்ட்டர்ஸைக் காலி செய்து வெள்ளானூரில் வீடு கட்டி வந்ததிலிருந்து, மழைக்காலம் என்றால் எனக்கு ஒரே வேலைதான். பிரிட்ஜைச் செங்கல்மேல் ஏற்றுவேன். பத்திரம், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பரணில் போடுவேன். குடிதண்ணீர் கேன்களை நிரப்பி, பவர் பேங்கைச் சார்ஜில் போடுவேன். தண்ணீர் வாசற்படியைத் தொட்டால் சிலிண்டரை மூடிவிட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிடுவேன். வருஷா வருஷம் செய்து கை பழகிவிட்டது. அலுப்பும் பழகிவிட்டது.

அந்த வருஷம் என் கணவருக்கு மூட்டு ஆபரேஷன் ஆகியிருந்தது. வாக்கர் இல்லாமல் நகர முடியாது. மாடி இல்லாத வீடு. மழை விடாமல் அடித்த அன்று காலை ஒரு போன் வந்தது.

"மேடம், வெள்ள நிவாரணக் குழுவுலேர்ந்து பேசுறோம். உங்க ஏரியாவுக்குப் படகு அனுப்புறோம். வீட்ல நடக்க முடியாதவங்க இருக்காங்களா?"

நான் பயந்துகொண்டிருந்ததையே கேட்டான். இருக்கிறார் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"பதிவு பண்ணிட்டேன். இப்ப ஒரு நம்பர் வரும், சொல்லுங்க."

ஒரு கையில் ஈரத்துணி. கண்ணாடியும் போடவில்லை. வந்த மெசேஜின் கீழே யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்ததைப் படிக்காமல் ஆறு இலக்கத்தையும் சொன்னேன். சற்று நேரத்தில் வாட்ஸ்அப் நின்றுபோனது. மழைக்கு சிக்னல் இல்லை என்று நினைத்தேன்.

அவன் என் வாட்ஸ்அப்பைப் பிடித்துக்கொண்டு, என் பெயரில் எங்கள் உறவுகளுக்கெல்லாம் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. வீட்டில் தண்ணீர், அவரால் நடக்க முடியவில்லை, அவசரமாகப் பணம் வேண்டும் என்று, நான் சொன்னதையே எழுதியிருந்தான். தூத்துக்குடியிலிருந்து நாத்தனார், என் கணவரின் அக்கா, உடனே அனுப்பிவிட்டார். நசரத்பேட்டையில் இருக்கும் என் தம்பி மனைவிதான், பணம் போகும் பெயர் வேறாக இருப்பதைப் பார்த்து, யாரும் நம்பாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள்.

மதியம் நிஜமாகவே தண்ணீர் உள்ளே வந்தது. கணவரைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு தம்பிக்குப் போன் செய்தேன். அவன் மனைவி எடுத்தாள்.

"எங்க அண்ணி மாதிரியே பேசுறியா? இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல குரலையே செஞ்சிடறீங்களாமே. வையி போனை."

வைத்துவிட்டாள். மறுபடி அடித்தேன். இந்த முறை தம்பி.

"நீ எங்கக்காதான்னா ஒண்ணு சொல்லு. அப்பா செத்த அன்னிக்கு எங்க போயி குந்திகினு அழுத?"

தண்ணீரில் நின்றுகொண்டு அதை நினைக்க வேண்டியிருந்தது.

"நெலத்து மோட்டார் ரூம்ல. நீதான் வந்து கதவத் தட்டுன."

"இன்னாக்கா நீ... தண்ணி எவ்ளோ கீது?"

"முழங்கால் வரைக்கும்."

"மாமாவக் கட்டில்லயே வெச்சிரு. கீழ எறக்காத. வந்துகினே கீறேன்."

பக்கத்து வீட்டு டிராக்டரை எடுத்துக்கொண்டு, இரண்டு பேருடன் வந்தான். பிளாஸ்டிக் நாற்காலியோடு கணவரைத் தூக்கி டிரெய்லரில் வைத்தார்கள். தம்பி வீட்டில் அவன் மனைவி காபி கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மன்னிச்சிடுங்க அண்ணி."

"நீ செஞ்சதுதான் சரி" என்றேன். உண்மைதான்.

சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தோம். சில நாளில் வாட்ஸ்அப் கணக்குத் திரும்பக் கிடைத்தது. அதற்குத் தனியாக ஒரு ரகசிய எண் வைத்தேன். பிறகு ஒவ்வொருவருக்காகப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அதுதான் எல்லாவற்றையும்விடச் சோர்வு. நாத்தனார் அனுப்பிய பணம் திரும்ப வரவில்லை. "என் தம்பிக்கு ஒண்ணும் ஆகலைல்லா, அது போதும்" என்றார்.

இனி யார் உதவி கேட்டாலும் முதலில் கேட்டுக்கொள்ள குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளலாம் என்றான் தம்பி. வைத்துக்கொண்டோம். போனில் எழுதி வைக்கக் கூடாது என்றும் பேசிக்கொண்டோம்.

தண்ணீர் வடிந்ததும் நான் மட்டும் வெள்ளானூர் திரும்பினேன். சேற்றை வழித்துக்கொண்டிருந்தபோது தம்பி மனைவி அழைத்தாள். கேட்காமலே அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, "கழுவி விட நானும் வரட்டுமா அண்ணி?" என்றாள்.

"வா" என்றேன். பினாயிலும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு வந்தாள். சாயங்காலம் வரை கழுவினோம். செங்கல்மேல் ஏற்றியிருந்தும் பிரிட்ஜ் வேலை செய்யவில்லை.