சூடானால் இறங்காத ஸ்லைடு

1. ட்ரேயின் அடியில்

காலை ஒன்பதரை மணிக்கு பாகங்கள் கழுவிய அழுக்கு மண்ணெண்ணெயைக் கொட்ட ட்ரேயைச் சாய்த்தேன். அடியிலிருந்து என் அரை ஸ்பேனர் தரையில் விழுந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு ஸ்பேனருக்கு இவ்வளவு பயமா என்று தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

அல்சூரில் என் கடை. பழைய மோட்டார் சைக்கிள்களின் கார்புரேட்டர் வேலை மட்டும்தான் செய்கிறேன். கார்புரேட்டரை என்ஜினோடு பிடித்து வைப்பது இரண்டே நட்டுகள். அந்தக் காலத்து கார்புரேட்டர் பாடி மென்மையான உலோகம். நட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் கண்ணுக்குத் தெரியாமல் வளையும். ஆக்சிலரேட்டரைத் திருகினால் உள்ளே ஸ்லைடு என்ற அடைப்பு ஏறி பெட்ரோலுக்கும் காற்றுக்கும் வழிவிடும், விட்டால் ஸ்பிரிங் தள்ளி இறங்கும். வளைந்த பாடியில் அது ஏறிய இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். அப்போது கையை விட்டாலும் வண்டி பாயும். இதற்காகவே எங்கள் தொழிலில் ஒரு ஸ்பேனரைப் பாதியாக அறுத்து வைத்திருப்போம். பிடி குட்டையானால் நாம் நினைத்தாலும் அதிகம் முறுக்க முடியாது.

அந்த ஸ்பேனர் முந்தின நாள் மாலையிலிருந்து ட்ரேக்குள் கிடந்திருக்கிறது. அப்படியென்றால் இன்று காலை சார்லஸ் அண்ணன் வண்டியை நான் எதை வைத்து முறுக்கினேன்?

ஞாபகம் வந்தது. முழு ரிங் ஸ்பேனர். ஐடிலிங் நிற்கவில்லை, ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது என்ஜின் சீராக ஓடவில்லை, எங்கோ காற்று இழுக்கிறது என்று இன்னும் கால் சுற்று, இன்னும் கால் சுற்று என்று என் முழு பலத்தையும் போட்டேன். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். அவசரத்தில் என் கை எதை எடுத்தது என்று கண் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு அது நானே அப்கிரேட் செய்த கார்புரேட்டர். தேய்ந்த பழைய ஸ்லைடை எடுத்துவிட்டு, இடைவெளியே தெரியாமல் பொருந்தும் பித்தளை ஸ்லைடு போட்டிருந்தேன். இரண்டு நிமிட ட்ரயலில் ஒரு குறையும் இல்லை. என்ஜின் நன்றாகச் சூடாகி, முறுக்கிய பாடி இன்னும் வளைந்த பிறகுதான் அதன் குணம் தெரியும்.

சார்லஸ் அண்ணன் ரிடையர்டு டிராயிங் மாஸ்டர். பத்து வருடப் பழக்கம். பின்னால் ஸ்டெல்லா அக்காவை உட்காரவைத்து, ஆனேக்கல்லில் அக்காவின் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று கிளம்பிப் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

2. பிக்கப்பு

அவருக்கு மூன்று முறை போன் போட்டேன். எடுக்கவில்லை. அரை ஸ்பேனரைப் பையில் போட்டு, ஷட்டரை இழுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, அதை ஓசூர் ரோட்டில் செய்துகொண்டு போனேன். ரோட்டோரம் நான்கு பேர் கூடி நின்றால் போதும், ஸ்கூட்டரை நிறுத்தி எட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் லாரி பஞ்சர். இன்னோரிடத்தில் கரும்பு ஜூஸ் வண்டி. அந்த ஜூஸ்காரரை நான் முறைத்ததற்கு இன்றுவரை அவருக்குக் காரணம் தெரியாது.

சில்க் போர்டு சிக்னலில் போன் அடித்தது. சார்லஸ் அண்ணன்தான். சந்தாபுரத்தில் டீ குடிக்க நின்றிருக்கிறார். உயிர் வந்தது எனக்கு. அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“குமாரு, என்னப்பா பண்ண வண்டிய? சும்மா பறக்குது. கைய விட்டாக்கூட இழுத்துக்கினே போவுது. என்னா பிக்கப்பு!”

அவர் பாராட்டியது என் தவற்றை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கன்டோன்மென்ட் பக்கம் கார்புரேட்டர் என்றால் குமார் என்று பெயர் வாங்கி வைத்திருந்தேனே, அந்தப் பெயர் வாயை அடைத்துவிட்டது.

“அண்ணா, ஒரு சின்ன செட்டிங் பாக்கி இருக்கு. அங்கயே இருங்க, வந்துர்றேன்” என்றேன்.

சின்ன செட்டிங்தானே, திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம், பதினோரு மணிக்கு ஜெபம் ஆரம்பித்துவிடுவார்கள் என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

சிக்னல் பச்சையாகி, பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்துத் திட்டினார்கள். நான் அங்கேயே ஓரம் கட்டி மறுபடி போன் போட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. சூடான என்ஜினை நிறுத்தி வைத்தால் அதன் சூடு கார்புரேட்டருக்கு ஏறும். டீ குடித்த நேரத்தில் அந்த பாடி இன்னும் சூடேறியிருக்கும். இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அன்று ஸ்கூட்டரில் நான் வேண்டாத சாமி இல்லை. கோயில், சர்ச், தர்கா என்று பார்க்கவில்லை.

3. டக்

ஆனேக்கல்லுக்குச் சற்று முன்னால் ஒரு வளைவு. அங்கே கூட்டம் நின்றது. இந்த முறை பஞ்சரும் இல்லை, ஜூஸும் இல்லை. ஜல்லிக் குவியலில் முன்சக்கரம் புதைந்து வண்டி சாய்ந்து கிடந்தது.

சார்லஸ் அண்ணன் நின்றுகொண்டிருந்தார், முழங்கையில் சிராய்ப்பு. ஸ்டெல்லா அக்கா தரையில் உட்கார்ந்து, இடது மணிக்கட்டைப் புடவைத் தலைப்பில் ஏந்தியிருந்தார். கை நேராக இல்லை. வீங்கிக்கொண்டிருந்தது. ஆட்டோ பிடிக்க ஆள் போயிருந்தது.

நான் வண்டியை நிமிர்த்தி ஆக்சிலரேட்டரைத் திருகி விட்டேன். ஸ்லைடு மேலேயே நின்றது. பையில் இருந்த அரை ஸ்பேனரால் ஒரு நட்டை அரைச் சுற்று தளர்த்தினேன். ‘டக்’ என்று ஸ்லைடு விழுந்தது. அந்தச் சத்தம் என் காதில் மட்டும்தான் விழுந்தது.

“என் தப்புதான் குமாரு. வளைவுல ஸ்பீடா வந்துட்டேன். கீய ஆஃப் பண்றதுக்குள்ள ஜல்லி வந்துச்சு” என்றார் சார்லஸ் அண்ணன்.

பழியை அவரே எடுத்துக்கொண்டார். நான் தலையை ஆட்டினால் போதும், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ரோட்டில் வந்தபோது இருந்த பயத்தைவிட அந்த ஒரு நிமிடத்தில் என்னைப் பார்த்தே எனக்கு அதிகப் பயம் வந்தது.

“இல்லண்ணா. நட்ட நான்தான் ஓவரா முறுக்கிட்டேன். ஸ்லைடு மாட்டிக்கிச்சு. உங்க மேல தப்பே இல்ல.”

அவர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா அக்காதான் வலியோடு நிமிர்ந்து கேட்டார்.

“அவரு போன் பண்ணப்பவே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்க்கா.”

“நான் பக்கத்துலதான் டீ குடிச்சிக்கினு இருந்தேன். சொல்லியிருந்தா எறங்கி பஸ்ல போயிருப்பேனே.”

ஆட்டோ வந்தது. இருவரும் ஏறிப் போனார்கள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று பிறகு பல பேர் ஆறுதல் சொன்னார்கள். சறுக்கியது யானை, கை உடைந்தது அக்காவுக்கு. நட்டை அதிகம் முறுக்கியது கைத்தவறு. எந்த மெக்கானிக்குக்கும் வரும். வண்டியை நன்றாகச் சூடாக்கிப் பார்த்த பிறகே கொடுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்லிவிடலாம், அதுவும் பாடம்தான். ஆனால் அக்காவின் கை என் கடையில் உடையவில்லை. சில்க் போர்டு சிக்னலில், ‘சின்ன செட்டிங்’ என்று நான் சொன்ன இடத்தில் உடைந்தது.