மாமாவின் சர்க்கஸ் ரெக்கோட்

எங்கள் வீட்டில் என்னை ஓட்டைவாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டம் எனக்கு எவ்வளவு பொருத்தம் என்பதை ஒன்பது வயதிலேயே காட்டிவிட்டேன்.

அப்பாவின் தங்கையான மாமி அப்போது கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்களோடுதான் இருந்தார். அவர் புருஷனான மாமா மாதா கோயில் திருநாள் பேண்டில் ட்ரம்பெட் ஊதுகிறவர். கொழும்புக்கு வந்த வெளிநாட்டு சர்க்கஸ் ஒன்றின் ட்ரம்பெட்காரர் காய்ச்சலில் படுத்துவிட, இரண்டு வாரத்துக்கென்று மாமாவைக் கூப்பிட்டார்கள். இரண்டு வாரம் முடிய, சர்க்கஸோடு சேர்ந்து மாமாவும் கப்பலேறிவிட்டார். சிங்கப்பூரிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. பிறகு ஒரு வருஷமாக ஒன்றுமில்லை. மாமி முதலில் தலை வாருவதை விட்டார், பிறகு சாப்பாட்டை விட்டார்.

துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அப்பா ஒருநாள் ஒரு ரெக்கோட்டோடு வந்தார். அட்டையில் கூடாரமும் யானையும். உள்ளே சனம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒலிப்பதிவு செய்த சர்க்கஸ் இசை.

"தங்கச்சி, மச்சான் ஒரு கப்பல்காரனிட்டக் குடுத்து விட்டிருக்கிறார். அவற்ற சர்க்கஸ் கொம்பனிதான் வாசிக்குது" என்றார்.

அன்றிலிருந்து ஞாயிறு பூசை முடிந்ததும் மாமி ரேடியோகிராம் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஊசியை வைப்பது என் வேலை. யானை பிளிறும், சனம் சிரிக்கும், யாரோ தெரியாத பாஷையில் கத்துவான். மாமிக்கு அதெல்லாம் தேவையில்லை. மாமாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். பாட்டு முடிந்த பிறகும் சொந்தமாக மூன்று சுரம் சேர்த்து ஊதி, பேண்ட் மாஸ்டரிடம் ஏச்சு வாங்குவார். ரெக்கோட்டின் இரண்டாம் பக்கத்தில், அந்தரத்தில் ஊஞ்சலாடுகிறவர்களின் இசை முடிந்து கைதட்டல் எழும்பும் இடத்தில் மாமி கையை உயர்த்துவார்.

"இந்தா! கேட்டதா மகள்? இவர்தான்."

எனக்குக் கைதட்டல்தான் கேட்டது. இருந்தாலும் ஓம் என்றேன். நாலாம் ஞாயிறு எனக்கும் உண்மையாகவே கேட்டது. அப்பா மட்டும் சரியாக அந்த நேரத்தில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். மாமி மறுபடியும் தலை வாரினார். இரண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கினார்.

ஊசி தேய்ந்துபோனது. புதியது வாங்க அப்பா புறக்கோட்டைக்கு என்னையும் கூட்டிப் போனார். கடைக்குள் நுழைந்தால் அலுமாரித் தட்டில் எங்கள் யானை, எங்கள் கூடாரம்! அதுவும் இரண்டு. நான் வாய்பிளந்து நிற்பதைப் பார்த்துக் கடைக்கார முஸ்லிம் நானா சிரித்தார்.

"அது பழசு மகள். அஞ்சாறு வருஷமா இங்கதான் கெடக்குது. ஒங்கட வாப்பா மட்டுந்தான் ஒண்ட வாங்கினாரு."

அப்பா ஊசியை வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். வழி நெடுக வேகமாக நடந்தார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. முன்வீட்டுக்காரர் அப்பாவை மறித்துக் கதைகொடுத்ததும் நான் வீட்டுக்குள் ஓடினேன்.

"மாமி! மாமான்ர ரெக்கோட் புறக்கோட்டைக் கடையில இன்னும் ரெண்டு இருக்கு! அஞ்சாறு வருஷமா விக்கிறாங்களாம்! அப்பாவும் அங்கதான் வாங்கினவராம்!"

மாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "அஞ்சாறு வருஷமா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். மாமா போய் அப்போது ஒன்றரை வருஷம்.

உரித்த வெங்காயத்தையே மாமி திரும்ப உரித்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்த அப்பா எங்கள் இருவரையும் பார்த்தார். என்னை ஏசவில்லை. கதிரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஓர் அடி போட்டிருந்தால், நான் ஏதோ பிழை செய்துவிட்டேன் என்றாவது எனக்குத் தெரிந்திருக்கும்.

புதிய ஊசி பெட்டியோடு அப்படியே கிடந்தது. அதற்குப் பிறகு மாமி இருபது வருஷம் எங்களோடு இருந்தார். ஒருநாளும் மனம்விட்டுச் சிரித்ததை நான் காணவில்லை. அந்தப் பாவம் என் தலையில்தான். மாமா என்ன ஆனார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

எங்கள் கோயிலில் பூசைக்குப் பெயர் கொடுப்பதென்றால் கடதாசித் துண்டில் எழுதிக் கொடுக்கவேண்டும். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று மாமி என்னிடம்தான் எழுதச் சொல்வார். மாமாவின் பெயருக்குக் கீழே வழக்கமாக 'சுகமான பயணத்துக்காக' என்று எழுதுவேன். கடைக்குப் போய்வந்த அடுத்த ஞாயிறு 'ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்று எழுதச் சொன்னார்.

"மாமி, அது செத்தவைக்கெல்லோ?"

"ஓம் மகள். எழுதுங்கோ."

எழுதினேன். அழகாகவே எழுதினேன். கடையில் இன்னும் இரண்டு ரெக்கோட் இருக்கும்போது மாமா எப்படிச் செத்திருப்பார் என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை.