ஏசி அறையில் ஒரு பொம்மை

மருமகள் வந்தால்தான் எனக்குப் பொறாமை வரும் என்று ஊரே காத்திருந்தது. எனக்கு அது வந்ததோ ஒரு பொம்மையின் மேல். சென்னைப் பக்கம், கார்களை வேண்டுமென்றே சுவரில் மோதவிட்டுச் சோதிக்கும் இடத்தில் என் மகன் வேலை பார்க்கிறான். மனிதருக்குப் பதிலாக ஓட்டுநர் சீட்டில் உட்காரும் பொம்மையைக் கவனிப்பது அவன் பொறுப்பு.

போனை எடுத்தால் அதன் புராணம்தான். முட்டியை இறுக்கினானாம், கழுத்தைச் சரிபார்த்தானாம், சூடு ஆகாதென்று ஏசி அறையில் வைத்திருக்கிறானாம். கணவர் போனபிறகு உப்பளத்தை நான்தான் பார்க்கிறேன். அறுபதைத் தாண்டிய வயதில், சித்திரை வெயிலில் வரப்பில் நடந்து தேய்ந்த என் முட்டியை அவன் ஒருநாளும் விசாரித்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

"அந்தத் தடியன் சாப்ட்டானாடா?" என்று ஒருமுறை கேட்டேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

பொங்கலுக்கு வந்தவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, எங்கள் ஊர் பிரம்மதேசத்திலிருந்து உப்பளத்துக்குக் கார் ஓட்டினேன். நான் குள்ளம். சீட்டை முன்னால் இழுத்து, ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்தபடிதான் ஓட்டுவேன். கழுத்தை அறுக்கிறதே என்று பெல்ட்டைக் கக்கத்துக்குக் கீழே விட்டிருந்தேன். மரக்காணம் வருவதற்குள், "ஓரமா நிறுத்தும்மா" என்றான்.

அவன் முகம் வெளுத்திருந்தது. "டெய்லி இப்படியா போற? எங்கனா முட்டுச்சுன்னா விலா நொறுங்கிடும்."

"உன் பொம்மைக்கு நொறுங்காதா?"

"அதுக்கு ஒடஞ்சா வேற விலா மாட்டிடுவேன். உனக்கு எங்கம்மா போயி வாங்குவேன்?" என்னை ஏற இறங்கப் பார்த்தான். "உன் வயசுக்கு, உன் உசரத்துக்கு எங்ககிட்ட பொம்மையே இல்ல. உனக்கு என்ன ஆவும்னு எனக்கே தெரியாது."

இறங்கி வந்து என் கதவைத் திறந்து மண்டியிட்டான். சீட்டைப் பின்னால் தள்ளி உயர்த்தினான். ஸ்டியரிங்குக்கும் என் நெஞ்சுக்கும் நடுவே சாண் வைத்துப் பார்த்தான். பெல்ட்டைத் தோளின் மேல் எடுத்துவிட்டு, முறுக்கில்லாமல் விரலால் நீவினான். உப்பு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அவன் நிமிரவே இல்லை. அந்தத் தடியனுக்கு இது தினமும் கிடைக்கிறதே என்று நினைத்தபோது பொறாமை இன்னும் கூடியது.

இப்போதெல்லாம் அவன் வைத்துவிட்டுப் போனபடிதான் ஓட்டுகிறேன். அவன் ஊருக்கு வரும் நாளில் மட்டும், வாசலில் நிற்கும் காரில் ஏறி, சீட்டை மறுபடி முன்னால் இழுத்துப்போட்டு, பெல்ட்டைக் கக்கத்துக்குக் கீழே விட்டுக்கொண்டு அவனுக்காக உட்கார்ந்திருப்பேன்.