பந்து விழும் இடத்தை மறைத்தவர்

காலை ஒன்பதேகாலுக்கு எங்கள் கட்டடத்தின் படிகளில் ஒரு காலடி ஓசை கேட்கும். ஒவ்வொரு மாடியிலும் சற்று நின்று மூச்சு வாங்கி, நான்காவது மாடிக்கு வந்து சேரும் ஓசை அது. சென்ற திங்கட்கிழமை அது கேட்கவில்லை. நகரைச் சுற்றிவரும் வட்ட ரயில் தாமதம் என்று நினைத்துக்கொண்டேன். யாங்கூனில் எந்தக் கேள்விக்கும் முதலில் பொருந்துகிற பதில் அதுதான். பத்து மணிக்கு இன்சீனிலிருந்து டோ கின் மியா என்ற அம்மாள் தொலைபேசியில் பேசினார். அந்தக் காலடிக்குச் சொந்தக்காரரான ஊ சவரிமுத்துவின் (பர்மியில் 'ஊ' என்றால் 'திரு') அடுத்த வீட்டுக்காரர். ஞாயிறு பூசைக்குப் போய் வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார் என்று பர்மியில் சொன்னார்.

"மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போனபோது நின்றது, வந்தபோது மறுபடியும் ஓடியது. அதனால் உள்ளே ஆள் இருக்கிறார் என்றே நினைத்துவிட்டோம்" என்றார்.

தொலைபேசியை வைத்ததும் நான் முதலில் செய்தது என் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்ததுதான். சவரிமுத்து அண்ணன் மூன்று வாரத்துக்கு முன் என்னிடம் கொடுத்த ஒரு தாள் அதில் இருந்தது. அதை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

அவரை அறிந்தவர்கள் சிலர்தான். ஆகவே இதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் அறியாதவர்கள் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அவருடைய தாத்தா ரயில்வேக்காரர். அப்பாவும் ரயில்வே. அவரும் இன்சீன் பட்டறையில் இருபத்தைந்து வருடம் எழுத்தர் வேலை பார்த்தார். ஆனால் தன்னைப் பற்றிக் கேட்டால் அதைச் சொல்லமாட்டார். "நான் லைன்ஸ்மேன்" என்பார். சனி ஞாயிறுகளில் வட்டாரக் கால்பந்துப் போட்டிகளில் கோட்டோரம் கொடி பிடித்து ஓடுகிறவர். நடுவரின் பெயராவது வசவுகளில் அடிபடும். கோட்டோரக்காரருக்கு அந்தப் பாக்கியமும் கிடையாது. ஆஃப்சைடு பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு என்று எனக்கு விளக்கியிருக்கிறார். பந்து உதைபடும் நொடியில் பந்தைப் பார்க்கக்கூடாது, எதிரே நிற்கிற வரிசையைப் பார்க்கவேண்டும். மைதானத்தில் இருக்கிற அத்தனை பேரும் பார்க்கிற ஒன்றைப் பார்க்காமல் இருப்பதற்காக அவருக்கு ஒரு லோஞ்ஜிக் கைலியும் மதியச் சாப்பாடும் கொடுத்தார்கள்.

ஒரு வருடம் ஷ்வேப்யிதாவில் இறுதியாட்டம். கடைசி நிமிடத்தில் உள்ளூர் அணி கோல் போட்டது. மைதானம் முழுக்க ஆடிக்கொண்டிருக்க, அண்ணன் மட்டும் கொடியை உயர்த்திக்கொண்டு நின்றார். கோல் செல்லாமல் போனது. தண்ணீர் பாட்டில்கள் பறந்தன. சில பாட்டில்களில் தண்ணீரும் இருந்தது. சட்டை கிழிந்து இன்சீன்வரை நடந்தே போனார். கொடியை விடவில்லை. அதற்குப் பிறகு யாரும் அவரை ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

"சந்தேகமே இல்லையாண்ணே உங்களுக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒரு முழம் முன்னால நின்னான் தம்பி. நான் என்ன பண்றது?"

"வீடியோ இருந்திருந்தா நிரூபிச்சிருக்கலாம்."

"வீடியோல மட்டும் வரிசையையா பார்க்கப்போறாங்க? அதுலயும் பந்தைத்தான் பார்ப்பாங்க."

எங்கள் வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் ஒரு விளையாட்டு இருக்கிறது. பெயர் கால்பந்து. காலால் பந்தைத் தொடுவது அபூர்வம். அதில் குவார்ட்டர்பேக் என்பவர் பந்தைக் கையில் வாங்கி, தன்மேல் பாய்ந்து வருகிற பேருருவங்களுக்கு நடுவே இரண்டு மூன்று நொடி நின்று, ஓடிக்கொண்டிருக்கிற தோழருக்கு எறியவேண்டும். ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் கல்லூரிகளில் ஆடியவர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்கின்றன. அதை டிராஃப்ட் என்கிறார்கள். போன வருடம் மிக மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் உரிமை. தோற்றவனை முதலில் கூப்பிடுகிற வரிசை உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கும்.

யாரை எடுப்பது என்று முடிவு செய்ய அவர்கள் கோடிகளைச் செலவிடுகிறார்கள். அந்தக் கோடிகளின் வால் நுனியில், யாங்கூன் நகர மையத்தில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காவது மாடியில் நாங்கள் இருந்தோம். ஒவ்வொரு எறிதலையும் காணொளியில் பார்த்து, மைனஸ் இரண்டு முதல் பிளஸ் இரண்டு வரை மதிப்பெண் போடுவது வேலை. ஒரே ஆட்டக்காரரை நான்கு பேர் பார்ப்பார்கள். நான்கு பேரும் ஒரே மாதிரி சொன்னால் அது தரம். ஒருவர் மாறிச் சொன்னால் அவருக்குத் திருத்தப் பயிற்சி. இப்படித்தான் நேரில் ஒரு ஆட்டம்கூடப் பார்த்திராத நாங்கள் அமெரிக்க இளைஞர்களின் எதிர்காலத்தைப் பற்றி ஒருமித்த கருத்துக் கொண்டிருந்தோம்.

அண்ணன் ஒன்பது வருடத்துக்கு முன் சேர்ந்தார். மனைவி காலமாகியிருந்த வருடம். மகள் மலேசியாவில். நான் அப்போதே மேசைப் பொறுப்பாளன். எல்லாருடைய குறிப்புகளையும் ஆங்கிலப்படுத்தி அனுப்புவது என் வேலை. சேர்ந்த இரண்டாம் நாள் அவர் பழைய காலண்டர் அட்டை ஒன்றைக் கொண்டுவந்து கத்தரித்து, கணினித் திரையின் வலதுபக்கம், தூக்கிப் பார்க்கும்படி மேல்விளிம்பில் மட்டும் ஒட்டினார். எறிந்த பந்து போய் விழுகிற பகுதி மறைந்துவிட்டது.

"என்னண்ணே இது? கம்ப்யூட்டருக்குக் கண்ணு பட்டுடும்னா?"

"பந்து எங்க விழுந்துச்சுன்னு ஸ்கோர்போர்டே சொல்லிடும் தம்பி. அதுக்கு நாம எதுக்கு? அவன் எங்க பார்த்தான், காலை எப்படி வச்சான், அடிக்க வர்றவனைக் கண்டதும் கண்ணை மூடினானா, அதைப் பார்க்கத்தானே நம்மளை வச்சிருக்காங்க."

முதலில் மதிப்பெண் போடுவார். பிறகுதான் அட்டையைத் தூக்கிப் பார்ப்பார். பார்த்தபிறகு ஒருநாளும் மதிப்பெண்ணை மாற்றியதில்லை. திருத்தப் பயிற்சியில் எங்கள் அலுவலகத்திலேயே அதிக அனுபவம் உள்ளவர் அவர்தான்.

அப்போது பன்னிரண்டு நாற்காலிகள் நிறைந்திருந்தன. பிறகு இளைஞர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். பாங்காக், சிங்கப்பூர், எங்கே என்று சொல்லாமல் போனவர்களும் உண்டு. எல்லாரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம், திங்கட்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். கடைசியில் அவரும் நானும் மிஞ்சினோம். மற்ற இரண்டு மதிப்பீட்டாளர்கள் வேறு நாட்டில் எங்கோ இருந்தார்கள். எங்கள் இருவரின் மதிப்பெண்ணோடு அவர்களுடையதும் வந்து சேரும், முகம் வராது.

விடுமுறை நாளிலும் அண்ணன் வருவார். "வீட்டுல கரண்ட் இல்லை தம்பி" என்பார். இன்சீனின் மின்சார நேர அட்டவணை என் கைபேசியில் இருந்தது. பெரும்பாலும் இருந்த நேரம்தான். நான் அதைச் சொன்னதில்லை. விடுமுறை நாளில் அங்கே நான் எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று அவரும் கேட்டதில்லை. மதியம் கீழே கடையில் மொஹிங்கா, மீன்குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், சாப்பிடுவோம். நாங்கள் இரண்டு பேர்தான் என்று தெரிந்தும் கடைக்காரர் நான்கு முக்காலி போடுவார். பழக்கம்.

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன்.

எங்கள் குறிப்புகள் பெயரில்லாமல்தான் போகும். ஒன்பது வருடமும் அவர் "மதிப்பீட்டாளர் மூன்று". ஆனால் வருடத்துக்கு ஒருமுறை, மற்றவர்களோடு உடன்படாத ஒரு ஆட்டக்காரரைப் பற்றித் தன் பெயரிட்டுத் தனிக்குறிப்பு எழுத விதியில் இடம் உண்டு. மேசைப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டால் அது அப்படியே அணிகளுக்குப் போகும். தவறிப்போனால் மேசையின் கணக்கில் ஒரு கரும்புள்ளி. அதனால் யாரும் எழுதுவதில்லை. அண்ணனும் எழுதியதில்லை, இந்த மார்ச் வரை.

சின்னக் கல்லூரி ஒன்றில் பதினேழாம் எண் சட்டை போட்ட ஒரு பையன். அவன் அணி பெரும்பாலும் தோற்றது. மற்ற மூன்று பேரும், நான் உட்பட, அவனைப் பட்டியலின் கடைசியில் போட்டிருந்தோம். தாமதமாக எறிகிறான் என்பது எங்கள் ஒருமித்த கருத்து.

"தாமதம் இல்லை தம்பி" என்றார் அண்ணன். "இடது பக்கமே பார்த்துக்கிட்டு நிக்கிறான். எதிராளி எல்லாம் அந்தப் பக்கம் சாயறாங்க. அப்புறம் வலது பக்கம் எறியறான். அதுக்குள்ள இவன்மேல ஒருத்தன் விழுந்துடறான். எறிஞ்ச பந்து என்ன ஆச்சுன்னு இந்தப் பையன் ஒருதடவைகூடப் பார்த்திருக்கமாட்டான். எழுந்ததும் என்ன பண்றான் பாருங்க. இவனைக் காப்பாத்தாம விட்டானே இவனோட அணித் தடியன், அவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடறான்."

"அதுக்கு மார்க் இல்லையேண்ணே."

"இல்லைதான். அதான் தனியா எழுதியிருக்கேன்."

தாளை நீட்டினார். தமிழில், ரயில்வே எழுத்தரின் அழகான கையெழுத்தில், ஒரு பக்கம். அடியில் முழுப் பெயர். அதில் அவர் உதாரணமாகக் காட்டியிருந்த எறிதல் எதிராளி கையில் போய்ச் சேர்ந்த ஒன்று. மற்ற எல்லாரும் மைனஸ் இரண்டு போட்ட அதற்கு அவர் பிளஸ் இரண்டு போட்டிருந்தார். வயதாகிவிட்டது, அட்டையைத் தூக்கிப் பார்க்க மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மிஞ்சியிருந்த இரண்டு நாற்காலிகளையும் வேறு நாட்டுக்கு மாற்றலாமா என்று மேலிடம் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு கரும்புள்ளி போதும். நாங்கள் இருவரும் விடுமுறை நாளில் போய் உட்கார ஓர் இடம் இருக்காது. இப்படி நியாயமான காரணங்களோடு தாளை இழுப்பறையில் வைத்தேன்.

மறுவாரம் கேட்டார். "போயிடுச்சா தம்பி?"

"போயிடுச்சுண்ணே."

"பேரோடயா?"

"பேரோடதான்."

தலையாட்டினார். அன்று மொஹிங்காவுக்குப் பிறகு எனக்கும் சேர்த்து இன்னொரு கோப்பைத் தேநீர் சொன்னார். அதற்கப்புறம் தினமும் வந்ததும், பதில் ஏதாவது வந்ததா என்று கேட்பதற்குப் பதில், என் மேசையை ஒருமுறை பார்த்துவிட்டு உட்காருவார்.

செவ்வாய்க்கிழமை அடக்கம். பங்குச் சாமியாரைச் சேர்த்து ஒன்பது பேர். டோ கின் மியா கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதில் மகள் அழுவது தெரிந்தது, கேட்கவில்லை. இணைப்பு நடுவில் அறுந்தபின்னும் அந்த அம்மாள் கையை இறக்கவில்லை. திரும்பி வரும்போது இன்சீன் சந்தையருகே பிள்ளைகள் ஒரு வாரம் முன்னதாகவே தின்ஜான் புத்தாண்டுத் தண்ணீர் ஊற்றத் தொடங்கியிருந்தார்கள். சாவு வீட்டிலிருந்து வருகிறேன், வேண்டாம் என்றேன். "அப்படியானால் தலையோடு ஊற்றவேண்டும் ஊலே" என்று மாமா முறை சொல்லி ஊற்றினார்கள். அவர்கள் சொன்னதும் முறைதான்.

ஈரச் சட்டையோடு நான்கு மாடி ஏறினேன். ஒவ்வொரு மாடியிலும் நிற்கவேண்டியிருந்தது. தாளை ஆங்கிலப்படுத்தி, கையெழுத்துப் போட்டு, அவர் பெயரோடு அனுப்பினேன்.

வியாழக்கிழமை பதில் வந்தது. ஓர் அணியின் தேர்வுக் குழுவில் யாரோ படித்திருக்கிறார்கள். ஒரே கேள்வி: எதிராளி கைக்குப் போன அந்த எறிதலுக்குத் திரு. சவரிமுத்து ஏன் பிளஸ் இரண்டு கொடுத்தார் என்று அவரிடமே கேட்டுச் சொல்ல முடியுமா?

ஒன்பது வருடத்தில் அவரிடம் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. மாற்றிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அட்டை ஒட்டியபடியே இருந்தது. பழைய மாதம் ஒன்றின் தேதிகள் பின்பக்கம் மங்கலாகத் தெரிந்தன. அந்த எறிதலை ஓடவிட்டேன். பதினேழு இடது பக்கம் பார்க்கிறான். எதிரிகள் சாய்கிறார்கள். ஒரு பேருருவம் அவன் மார்புக்கு நேராக வருகிறது. கண்ணை மூடவில்லை. காலை ஊன்றி, வலது பக்கம், அட்டைக்குள் எறிகிறான். விழுகிறான். எழுந்து, தன்னைக் காக்கத் தவறியவனுக்குக் கை கொடுக்கிறான்.

அதன்பிறகு அட்டையைத் தூக்கி மறுபடி பார்த்தேன். பந்து சரியான இடத்துக்குத்தான் போயிருந்தது. அங்கே வந்து வாங்கவேண்டியவர், அடி விழும் என்று பயந்து, பாதியில் நின்றுவிட்டிருந்தார்.

பதில் எழுதினேன். "எறிந்தவர் தவறவில்லை. ஓடவேண்டியவர் நின்றுவிட்டார். இந்தக் குறிப்பை எழுதிய திரு. சவரிமுத்து ஏப்ரல் முதல் வாரத்தில் காலமானார். குறிப்பு மார்ச்சிலேயே தயாராக இருந்தது. தாமதம் என்னுடையது." கடைசி வாக்கியம் தேவையா என்று சற்று யோசித்தேன். விட்டுவைத்தேன்.

டிராஃப்டுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. பதினேழை யாராவது எடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது. முதல் சுற்று நம் நேரப்படி காலை ஆறரைக்குத் தொடங்கும். அன்று சீக்கிரமே வந்து அவர் நாற்காலியில் உட்காருவேன். அட்டையை எடுக்கப்போவதில்லை.

போய் வாருங்கள், அண்ணே. உங்கள் பெயரோடுதான் போயிருக்கிறது. அன்றைக்கு ஷ்வேப்யிதாவில் நீங்கள் கொடி தூக்கியதும் சரிதான்.