வெல்லப்பாகு ஊற்றிய குண்டுகள்

மொட்டை மாடியில் வடாம் காயவைத்தால் திருப்பாச்சூர் குரங்குகளுக்குத்தான் முதல் பந்தி. பொறுக்க முடியாமல் ஓர் உண்டிக்கோல் வாங்கி வந்தேன். முதல் நாள் நான் விட்ட கூழாங்கல் குரங்கின் பக்கமே போகாமல் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்தது.

பட்டதும் உதிர்ந்துவிடும் மண் குண்டு போதும் என்று, ஏரிக் களிமண்ணைப் பிசைந்து நானே உருட்டினேன். வெயில் ஏறியதும் எல்லாம் வெடித்துப் பிளந்துவிட்டன.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கும் கம்பெனியில் மண் அச்சு செய்கிறவர் என் கணவர். அதைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாமே இது, புட்டு மாதிரி உதிருது? பாகு ஊத்திப் பெசையணும். எங்க அச்சு மண்ணு அப்டித்தான் நிக்குது."

லீவு நாளில் வெல்லப்பாகு காய்ச்சி இருவருமாக உருட்டினோம். கோலிக்குண்டு மாதிரி திரண்டு வந்தன. வடாத்துக்குப் பக்கத்திலேயே முறத்தில் பரப்பிவிட்டு டீ போடக் கீழே போனோம்.

திரும்பி வந்தால் மாடி முழுக்கக் குரங்குகள். கன்னம் புடைக்க எங்கள் குண்டுகளைச் சப்பிக்கொண்டிருந்தன. ஒரு குட்டி முறத்தையே நக்கியது. வடாத்தை ஒன்றுகூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

வந்த கோபத்தில் உண்டிக்கோலை எடுத்தேன். வைத்து இழுக்க ஒரு குண்டு மிச்சமில்லை.

"உடுமே, வடாம் பொழச்சிதா இல்லியா?" என்றார் அவர், சிரிப்பு அடங்காமல்.

இப்போதும் வடாம் பிழிகிற அன்று குண்டு உருட்டுகிறோம். பாகு கொஞ்சம் தூக்கலாகவே ஊற்றுகிறோம். உண்டிக்கோல் எங்கே கிடக்கிறதோ, தெரியாது.