இரண்டாவது சிலிண்டர்

எங்கள் வீட்டில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்றால் இன்னும் இரண்டு நாளைக்கு வரும் என்று அர்த்தம். தீ மஞ்சளாகிச் சிணுங்கத் தொடங்கியதும் உம்மா அதைப் பிடித்து ஆட்டுவார், பிறகு தரையில் படுக்கவைப்பார். அப்படிச் செய்யக்கூடாது என்று கேஸ் கொண்டுவரும் அண்ணன் வரும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போவார். அதுவும் அடங்கினால் கருவேல விறகுதான். எட்டுப் பேருக்குச் சோறும் ஆணமும் ஆக்கி முடிப்பதற்குள் உம்மாவுக்கும் சாச்சிக்கும் கண் சிவந்துவிடும்.

வாப்பா சவுதியில் இருந்தார். வீட்டில் யோசனை சொல்லும் வேலை அவர் தம்பியும் சாச்சியின் கணவருமான சாச்சாவுக்கு. ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு கேஸ் இணைப்புதான் என்பதால், கார்டை இரண்டாகப் பிரிப்போம் என்றார். இரண்டாவது சிலிண்டர் வந்ததும் இரண்டையும் ஒரே சமையலறையில் வைத்துக்கொண்டால் விறகே வேண்டாம்.

“கார்டு ரெண்டாகட்டும். சட்டி ஒண்ணுதான்” என்றார் உம்மா. கூட்டுச் சமையல் என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. பெருநாளுக்கு வருகிறவர்களுக்குப் பிரியாணியைவிட அந்தப் பெருமையைத்தான் அதிகம் பரிமாறுவார்.

தனிச் சமையல் நடக்கிறதா என்று அதிகாரி நேரில் வந்து பார்ப்பாராம். கொல்லையில் முன்பு ஆடு கட்டிய கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்து, செங்கல் அடுப்புக் கூட்டி, காலி டப்பாக்களை அடுக்கினோம். ஆட்டு வாடை போகச் சாம்பிராணியும் போட்டோம். சாச்சா ஆளுக்கொரு வசனம் சொல்லிக்கொடுத்தார். சாச்சியின் வசனம், “குடும்பம் பெருசாயிருச்சு சார், அதான் தனியா ஆக்குறோம்.” எட்டு வயதில் எனக்கு எல்லாருடைய வசனமும் மனப்பாடம். யாராவது தடுமாறினால் எடுத்துக்கொடுக்கலாம் என்று சாச்சியின் பக்கத்திலேயே நின்றேன்.

அதிகாரி வந்து கொட்டகையில் கொதித்துக்கொண்டிருந்த உலையின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். நீ எங்கே சாப்பிடுவாய் என்று என்னைக் கேட்டார். “உம்மா ஆக்குற எடத்துல. சாச்சி புள்ளைகதான் இங்கன சாப்புடும்” என்று ஒப்பித்தேன். பிறகு சாச்சியிடம், ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்கம்மா தனி அடுப்பு என்றார்.

சாச்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உலையையே பார்த்தார்.

“நான் இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருசமாச்சு சார். மீன் ஆய்வேன், வெங்காயம் உரிப்பேன், சட்டி கழுவுவேன். ஆணத்துக்கு ஒரு தடவ உப்புப் போட என்னைய விட்டதில்ல. உப்பு எங்க ராத்தாதான் போடுவாக.”

ராத்தா என்றது உம்மாவை. உம்மா வாசலில்தான் நின்றிருந்தார்.

அதிகாரி எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அவர் தெரு திரும்பியதும் சாச்சா கையைத் தட்டி, நடிப்பு என்றால் இதுதான் என்று சிரித்தார். “சாச்சி வசனத்த மாத்திச் சொல்லிட்டாக” என்று நான் புகார் சொன்னேன். அதற்கு இன்னும் சிரிப்பு. சாச்சியும் சிரித்தார். எனக்குக் கமர்கட் வாங்க ஐந்து ரூபாய் கிடைத்தது. உம்மா சோறு வடிக்கக் கொட்டகைக்குள் போனார். “நான் வடிக்கிறேன் ராத்தா” என்றார் சாச்சி. உம்மா துணியை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

கார்டு வந்தது, சில மாதம் கழித்துச் சிலிண்டரும் வந்தது. கேஸ்காரர் அதைத் தோளில் வைத்தபடி, எங்கே இறக்க என்று கேட்டார். சாச்சா சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார்.

“அங்கன இல்ல, கொல்லையில இறக்கச் சொல்லுங்க” என்றார் உம்மா.

எனக்குக் கோபமாக வந்தது. நாங்கள் மறுபடியும் சிலிண்டரைப் படுக்கவைக்க வேண்டும், விறகடுப்பு ஊத வேண்டும். அப்புறம் எதற்கு இத்தனை நாடகம்? சாச்சாவும் ஏதோ சொல்லப்போய், சாச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேஸ்காரருக்குக் கொல்லைப் பக்கம் வழிகாட்டினார்.

அன்று மதியம் கொட்டகையிலிருந்து ஒரு கிண்ணத்தில் மீன் ஆணம் வந்தது. சாச்சியே கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நிலைப்படியில் நின்றார். உம்மா சோற்றில் ஊற்றிப் பிசைந்து, ஒரு வாய்கூட நிறுத்தாமல் சாப்பிட்டார். நானும் ஒரு வாய் வைத்தேன்.

“உப்புக் கரிக்குது” என்றேன்.

தட்டுக்கு அடியில் உம்மாவின் இடதுகை வந்து என் தொடையில் நன்றாகக் கிள்ளியது. “நல்லாருக்கு புள்ள, இன்னும் கொஞ்சம் கொண்டா” என்று சாச்சியிடம் கிண்ணத்தை நீட்டினார்.

அதிகாரியிடம் சொன்ன பொய்க்குக் கமர்கட்டும், சாப்பாட்டில் சொன்ன உண்மைக்குக் கிள்ளும் ஏன் கிடைத்தன என்று விளங்காமல் அன்று சாயங்காலம்வரை அழுதேன்.