செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவில்

"ஆயில் மூடியைத் தொறந்தா உள்ள தயிர் மாரி கீதும்மா" என்றார் நஜீர் பாய்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். வேலை முடிந்து வந்து மாடிப்படி ஏறப் போன என்னை அவர்தான் கூப்பிட்டு நிறுத்தினார். வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் அவருடைய பழைய வண்டி பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது.

"தயிர் எப்படி பாய் வரும்?"

"தண்ணியும் ஆயிலும் ஒண்ணா கலந்தா வரும். ரெண்டையும் பிரிக்கிற கேஸ்கெட் பூட்ச்சு. ஹெட்டைக் கழட்டித்தான் மாத்தணும்."

"மெக்கானிக்கிட்ட விடலாமே."

"அம்பத்தூர் எஸ்டேட்ல மெக்கானிக்காண்ட கேட்டுட்டேன். வண்டியை உட்டுட்டுப் போ, அடுத்த புதன் வந்து பாருன்றான். நமக்கு வெள்ளிக்கெழம காலைல வண்டி வேணும்."

"அதுக்கு?"

"நானே பண்ணப் போறேன். போன்ல அதோட பொஸ்தகம் கீது. நூத்தி நாப்பது பக்கம், ஃபுல்லா இங்கிலீஷ். நீ தமிழும் இங்கிலீஷும் படிச்ச பொண்ணு. எந்த போல்ட்டை எவ்ளோ இறுக்கணும்னு கீற எடத்தை மட்டும் படிச்சுச் சொல்லு, போதும்."

உள்ளே கட்டிலில் படுத்திருந்த அவர் மனைவி ரோஷன் பேகத்தின் குரல் ஜன்னல் வழியாக வந்தது. "ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிற மனுசன் இஞ்சினுக்கு அளவெடுக்குறாரு. கழுத்து எவ்ளோ எறக்கம் வெக்கிறீங்கன்னு கேளும்மா."

"சிரிச்சுகினே கெட. அப்புறம் மூச்சு வாங்கும்" என்றார் பாய், திரும்பிப் பார்க்காமல்.

"பாரும்மா, அந்த வண்டி எனக்குச் சக்களத்தி. அவளுக்கு ஒண்ணுன்னா இவருக்கு ஊடே மறந்துடும்."

நான் பையைப் படியில் வைத்துவிட்டு அவர் போனை வாங்கிக்கொண்டேன்.

கள்ளிக்குப்பத்தில் அந்த வீட்டு மாடியில் நானும் அம்மாவும் மூன்று வருடங்கள் குடியிருந்தோம். கீழே அவர்கள். நஜீர் பாய்க்கு அப்போது ஐம்பத்தாறு வயது. பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்தவர், தையற்காரர். கல்யாணம் செய்து கொடுத்த மகள் கொரட்டூரில் இருப்பதால் இந்தப் பக்கம் வந்தவர்கள். தெரு முனையில் ஒரு ஷட்டர் கடையில் பெண்களுக்கான துணிகள் தைத்தார். மெக்கானிக் வேலை எங்கும் பழகியதில்லை. ஆனால் அந்த வண்டியில் அவர் கை படாத இடம் கிடையாது. பிரேக் ஷூ, ரேடியேட்டர் ஓஸ், செல்ஃப் மோட்டார் எல்லாவற்றையும் போனில் வீடியோ பார்த்து, நிறுத்தி, மறுபடி பார்த்து அவரே மாற்றியிருந்தார். மூன்று லட்சத்து எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய டீசல் வண்டி. அதற்குமேல் ஓடியது எவ்வளவு என்று சொல்ல முடியாது, மீட்டர் நின்றுபோயிருந்தது.

ரோஷன்க்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். பூந்தமல்லியில் இருந்தபோது அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் கிடைத்த இடம் அது. இந்தப் பக்கம் மாற்றிக் கேட்டால் காத்திருப்போர் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும் என்றார்கள். அதனால் வாரம் இரண்டு தடவை அம்பத்தூர், அயனம்பாக்கம் வழியாகப் பூந்தமல்லி போய்த் திரும்பினார்கள். திரும்பும்போது அவரால் உட்கார முடியாது. ரத்த அழுத்தம் இறங்கிவிடும், கால் இழுக்கும். ஆட்டோவில் இரண்டு முறை வாந்தி எடுத்து, பாதி வழியில் இறக்கிவிடப்பட்ட பிறகுதான் பாய் இந்த வண்டியை வாங்கினார். நடு சீட்டைக் கழற்றிவிட்டு, நுரை மெத்தை ஒன்றை அளவாக வெட்டி, உறை தைத்துப் போட்டிருந்தார். அந்த மெத்தைக்காகத்தான் வண்டி. செவ்வாய் சாயங்காலத்துக்கும் வெள்ளி காலைக்கும் நடுவில் இருந்த இரண்டு பகலில் இஞ்சின் பிரிந்து சேர வேண்டும்.

புதன்கிழமை அவர் கடை திறக்கவில்லை. நான் ஏழரை மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போதே சந்தில் பழைய போர்வை விரித்து, கழற்றியவற்றை வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொரு ஒயரிலும் ஒரு துண்டுத் துணி கட்டியிருந்தது. சிவப்புப் பூப்போட்ட துணி கட்டிய ஒயர் இன்னொரு சிவப்புப் பூப்போட்ட துணியைத்தான் சேர வேண்டும். பச்சை பச்சையை. எழுதி வைத்தால் எண்ணெய் பட்டு அழிந்துவிடும், துணி அழியாது என்றார்.

இஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகள் பத்து. எட்டு ஒரே நீளம், இரண்டு மட்டும் ஒரு விரல் அகலம் குட்டை. எது எங்கே இருந்தது என்று தெரிவதற்காக ஒரு சட்டைப் பெட்டி அட்டையில் ஹெட்டின் வடிவத்தைத் தையல் சாக்பீஸால் வரைந்து, பத்து ஓட்டை போட்டு, இரண்டின் பக்கத்தில் 'குட்டை' என்று எழுதினார். போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து அதனதன் ஓட்டையில் செருகினார். மத்தியானம் ஹெட்டைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்குப் போய், அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவி வாங்கி வந்தார்.

வியாழக்கிழமை நான் அரை நாள் லீவு போட்டேன். பக்கத்துத் தெரு வெற்றிச்செல்வன் ஒரு கம்பெனியில் மிஷின் பராமரிப்பு பார்ப்பவர். இறுக்கத்தை அளந்து 'டக்'கென்று சத்தம் கொடுக்கும் நீள ஸ்பேனரை அவர்தான் கொடுத்திருந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து படிக்க, பாய் இறுக்கினார். நடுவிலிருந்து தொடங்கி வெளியே போக வேண்டும். மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இறுக்கம் கூடும்.

"இதுல போல்ட் படமும் இருக்கு பாய். நீளம் போட்டிருக்கு, பாக்குறீங்களா?"

"படம் நம்ம அட்டைலயே கீதும்மா. நீ நம்பரைச் சொல்லு."

சொன்னேன். பத்தும் சத்தம் கொடுத்தன. மணி நாலரைக்கு வண்டி ஸ்டார்ட் ஆனது. முதலில் ஒரு வாய் வெள்ளைப் புகை, அப்புறம் சீரான ஓட்டம். ரோஷன்க்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து பார்த்தார். "போடி, பொழச்சிக்கினியா" என்று வண்டியைப் பார்த்துச் சொன்னார். பாய் தலையைச் சாய்த்து இஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை நடந்ததை நான் பார்க்கவில்லை. ரோஷன்க்கா சொன்னது கொஞ்சம், பாய் சொன்னது கொஞ்சம்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. டயாலிசிஸ் முடிந்து மத்தியானம் இரண்டு மணிக்குக் கிளம்பினார்கள். நல்ல வெயில். வேலப்பன்சாவடி தாண்டியதும் பாய்க்கு ஒரு சத்தம் கேட்டது. சீறுவது போல மெல்லிய சத்தம். கண்ணாடியை இறக்கி, ஃபேனை நிறுத்தி, அதையே கேட்டுக்கொண்டு ஓட்டினார். சூட்டு முள் மெல்ல ஏறியது. அயனம்பாக்கம் ஏரிக்கரை ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் தூக்கினார். ஹெட்டின் ஒரு மூலையில் தண்ணீர் கொப்பளித்துக் கொப்பளித்துக் காய்ந்தது. எங்கிருந்து கசிகிறது என்று துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கால் மணி நேரம் இருக்கும். நிமிர்ந்து நின்ற பானெட் வண்டியின் உட்புறத்தை முழுக்க மறைத்திருந்தது.

கதவைத் திறந்தபோது ரோஷன்க்கா மெத்தையிலிருந்து பாதி சரிந்து கிடந்தார். உடம்பெல்லாம் வேர்த்துக் குளிர்ந்திருந்தது. கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை. அந்த வழியாக வந்த காய்கறி வண்டிக்காரர் ஒருவர் லோடை ஓரமாக ஒதுக்கி இருவரையும் ஏற்றிக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரிக்கே போனார். இன்னும் சற்று தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்று அங்கே இருந்த டாக்டர் பாயிடம் சொல்லியிருக்கிறார்.

இரண்டு நாள் வைத்திருந்து ஞாயிற்றுக்கிழமை அனுப்பினார்கள். வண்டியை வெற்றிச்செல்வன் கயிறு கட்டி இழுத்து வந்து சந்தில் விட்டிருந்தார். நான் பார்க்கப் போனபோது ரோஷன்க்காவின் குரல் மட்டும்தான் பழையபடி இருந்தது.

"ரெண்டு தபா கூப்ட்டேம்மா. அவருக்குக் கேக்கல. பாவம், சக்களத்தி போட்ட சத்தம் அப்படி."

பாய் சமையலறையில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு அது கேட்டிருக்கும். வெளியே வரவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் அவர் மறுபடி ஹெட்டைக் கழற்றினார். சாயங்காலம் நான் வந்தபோது புது கேஸ்கெட் போட்டு, ஹெட்டை மேலே உட்கார வைத்திருந்தார். போல்ட்டுகள் இன்னும் போடவில்லை. என்னைப் பார்த்ததும் அந்தச் சட்டைப் பெட்டி அட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"துணில நாங்க உள்பக்கம்தாம்மா கோடு போடுவோம். தெச்சு வெளிய திருப்புனா வலது கை வலது பக்கம் வந்துடும். முப்பத்தஞ்சு வருசப் பழக்கம். இதுலயும் உள்பக்கம், அதாவது அடிப்பக்கம் பாத்த மாரியே வரைஞ்சிருக்கேன், எடது வலது மாறிக் கீது. போல்ட்டை மட்டும் மேல்பக்கமாச் செருவிட்டேன். மேல்பக்கம் பாத்து எடுத்துப் போட்டேன்."

வலது மூலையில் இருக்க வேண்டிய குட்டை போல்ட்டுகள் இடது மூலைக்குப் போயிருந்தன. குட்டை போல்ட்டுக்கான ஆழமில்லாத குழிகளில் நீள போல்ட்டுகள் இறங்கி, அடியில் முட்டி நின்று, இறுகிவிட்டதாக ஸ்பேனரிடம் பொய் சொல்லியிருந்தன. அந்த மூலையை எதுவும் பிடித்திருக்கவில்லை.

போனில் இருந்த போல்ட் படத்தைப் பாருங்கள் என்று நான் ஒருமுறைதான் சொன்னேன். இரண்டாவது முறை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை அசைத்தார்.

"அது போவட்டும். போல்ட்டு தப்பைக் கழட்டி மாட்டிக்கலாம்."

நம்பரைப் படிக்கச் சொன்னார். படித்தேன். இந்த முறை ஒவ்வொரு போல்ட்டையும் குழிக்கு வெளியே வைத்து நீளம் பார்த்து இறக்கினார். மூன்று சுற்றும் முடிந்த பிறகு ஸ்பேனரைத் துடைத்து ஓரமாக வைத்துவிட்டு, வீட்டு ஜன்னலை ஒருமுறை பார்த்தார். ரோஷன்க்கா தூங்கிக்கொண்டிருந்தார். பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கேக்கலன்னு அவ சொல்றா இல்ல? கேட்டுச்சும்மா. ரெண்டு தபாவும் கேட்டுச்சு. மொத தபா, சும்மா கெட, சத்தம் கேக்க உடுன்னேன். ரெண்டாவது தபா அதுகூட சொல்லல."

நான் போனை அணைத்து ஸ்டூலில் வைத்தேன்.

"டாக்சி வெச்சுப் போலாம்னு சொல்லிப் பாத்துட்டேன். அந்த மெத்தை இல்லாம வரமாட்டேன்றா. என் சக்களத்திய நம்பலாம், அந்த மீட்டர்காரனை நம்ப முடியாதுன்றா. நாளைக்கு இதுலதான் போவணும். போட்டது சரியா இல்லையான்னு நான் கேட்டுகினேதான் ஓட்டணும். கேக்காம இருக்க முடியாது."

கையில் இருந்த எண்ணெய்த் துணியை மடித்தார். மடித்ததை மறுபடி பிரித்தார்.

"நாளைக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டு எங்ககூட வாம்மா. பின்னால மெத்தையாண்ட உக்காந்துக்கோ. அவ கூப்ட்டா, நான் இன்னா பண்ணிகினு இருந்தாலும் என் தோள்ல அடி."